லண்டன் தண்ணி பிடித்த முகம்

உறைந்த தேங்காயெண்ணெயை அடுப்பில் காட்டி உருக்கி, மஞ்சள்தூளைக் குழைக்கும்போது எழும்புகிற வாசம்தான், எண்பதுகளின் கடைசியில் கிழக்கு லண்டன் பிளேஸ்டோவில் நாங்கள் இருந்த வீட்டை நினைத்தால் முதலில் என் மூக்கில் ஏறும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த மூன்று குடும்பங்கள் அந்தச் சின்ன வீட்டுக்குள் இருந்தோம். சுடுதண்ணீர் இரண்டு பேர் குளிக்க முடிந்துவிடும். பிள்ளைகள் எல்லாரும் ஒரே போர்வைக்குள் படுத்ததால், ஒருவருக்கு வந்த "சிரங்கு" எல்லாருக்கும் வந்தது. அம்மா பின்னேரங்களில் முருகா, முருகா என்று சொல்லிக்கொண்டே அந்த எண்ணெயை எங்கள் கால்களில் பூசுவா. தங்கை வதனிக்குத்தான் கூடுதல். நீர் கோத்து, உடைந்து, பொருக்குத் தட்டி, அவள் சொறிய மறுபடியும் உடையும். பள்ளிக்கூடத்தில் கண்டால் அருவருப்பார்கள் என்று அம்மா அவளுக்கு நீளமான காலுறை போட்டு அனுப்புவா.

பனி தொடங்குகிற நேரம் புண்கள் காய்ந்தன. சில கிழமைகளில் வதனியின் முகம் பூரித்து வந்தது. மேல்மாடியில் இருந்த பரிமளம் மாமி, நல்ல வாய்க்காரி, அவளின் கன்னத்தைக் கிள்ளி, "லண்டன் தண்ணி பிடிச்சிட்டுது பிள்ளைக்கு. வரேக்க ஈர்க்கில் மாதிரி இருந்தவள்" என்றா. பிள்ளை சதை வைத்தால் எங்கள் தாய்மாருக்கு அதைவிடப் பெருமை வேறில்லை. அம்மாவுக்குப் பெருமையோடு பயமும் வந்து, "நாவூறு" கழிக்க உப்பையும் செத்தல் மிளகாயையும் அவளுக்குச் சுற்றி அடுப்பில் போட்டா. வீடெல்லாம் இருமியது. என்ரை ஒரு நாக்குக்கு இவ்வளவு மிளகாயோ என்று மாமி படியில் நின்று கேட்டா. தேறுகிற பிள்ளை என்று கருவாட்டுக் குழம்பும் ஊறுகாயும் அவளுக்குக் கூடக்கூட வைத்தார்கள். உப்புத்தான் அப்போது அவளுக்கு ஆகாதது என்று யாருக்குத் தெரியும்?

ஒருநாள் வதனி கக்கூசுக்குள் இருந்து என்னைக் கூப்பிட்டு, தனக்கு மூத்திரம் "பிளேன்ரீ" மாதிரிப் போகுது என்று காட்டினாள். பால் விடாத தேத்தண்ணீர் நிறம்தான். அம்மாவிடம் சொன்னேன். "சூடு" என்று வெந்தயம் ஊறப்போட்டா. பனி கொட்டுகிற ஊரில் சூடு எங்கையிருந்து வந்தது என்று மாமி கேட்க, ஹீட்டராலை என்றா அம்மா.

பெற்றோல் ஸ்டேஷனில் இரவு ஷிப்ட் முடித்து வந்த அப்பா, ஒரு விடியற்காலை, இமை தடித்துக் கண் திறக்க ஏலாமல் கிடந்த வதனியைக் கண்டார். அவளின் கணுக்காலைப் பெருவிரலால் அழுத்தினார். விரலை எடுத்தும் குழி அப்படியே நின்றது.

"இஞ்சாரும், இது சதையில்லை. வீக்கம்."

வேலை உடுப்போடேயே அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தார். நானும் அம்மாவும் பின்னால் ஓடினோம்.

அங்கே வயதான வெள்ளைக்காரப் பெண் டொக்டர் வதனிக்குப் பிரஷர் பார்த்தா, கூடிப்போய் இருந்தது. பிறகு முகத்தை விட்டுவிட்டு வதனியின் காலுறையைக் கழற்றப் போனா. அம்மா கையால் மறித்தா. டொக்டர் மெதுவாக அந்தக் கையை விலக்கி, ஆறிய தழும்புகளைக் கண்டு, தலையை ஆட்டினா.

அவ ஆஸ்திரேலியாவில், பட்டணம் எட்டாத ஊர்களில் வாழும் ஆதிக்குடி மக்களிடையே பல வருஷம் வேலை செய்தவவாம். அங்கேயும் பிள்ளைகளின் கால்கள் இப்படித்தான் இருக்குமாம். புண் ஆறித் தாய் நிம்மதிப்பட்ட பிறகு முகம் வீங்கும், மூத்திரம் கறுக்கும். தோலில் வந்த கிருமியின் கேடு சிறுநீரகத்தைப் பிடித்திருக்கும். அநேகமான பிள்ளைகள் தேறிவிடுவார்கள். ஆனால் திரும்பத் திரும்ப வந்தால், காயப்பட்ட சிறுநீரகம் சத்தமில்லாமல் இருந்து வளர்ந்த பிறகு கைவிட்டுவிடலாம். அப்படிப்பட்டவர்கள் இரத்தம் சுத்திகரிக்கும் மெசினுக்காகச் சொந்த மண்ணையும் சனத்தையும் விட்டுத் தூரத்துப் பட்டணத்தில் போய்க் கிடக்கிறார்கள் என்று டொக்டர் சொல்ல, அப்பா தமிழில் சொன்னார்.

அம்மா ஒன்றுதான் கேட்டா. "நான் பிள்ளையை ஊத்தையா வைச்சிருந்ததாலயோ எண்டு கேளுங்கோ."

கேட்டார். டொக்டர் அம்மாவின் முகத்தைப் பார்த்துத்தான் பதில் சொன்னா. அதை அப்பா தமிழில் சொன்னார். "இல்லையாம். நெருக்கடியான வீட்டில, தண்ணி ஒழுங்கா வராட்டி, எந்தத் தாயின்ரை பிள்ளைக்கும் வருமாம்."

அதுவரை அழாத அம்மா அப்போதுதான் அழுதா.

வதனி தேறினாள். அவள் வீடு திரும்பும்வரை பரிமளம் மாமி உப்பில்லாச் சோறு தின்று நேர்த்திக்கடன் இருந்ததைப் பிறகுதான் அறிந்தோம். பிள்ளையின் மூத்திரத்தையும் பிரஷரையும் வருஷா வருஷம் பார்க்கவேண்டும் என்று டொக்டர் சொன்னதை அம்மா கடவுள் வாக்காகப் பிடித்துக்கொண்டா. அம்மாவுக்குப் பிறகு நான்.

இன்று அந்த வீடு இல்லை. இடித்துப் பிளாட் கட்டிவிட்டார்கள். மாமி போய்விட்டா. எங்கள் பிள்ளைகளுக்குச் சிரங்கு என்ற சொல்லே தெரியாது. வதனியின் காலிலும் தழும்பைத் தேடித்தான் காணவேண்டும். ஆனால் இந்த வருஷச் சோதனையில் அவளுக்குச் சிறுநீரகத்திலிருந்து மூத்திரத்துக்குள் கொஞ்சம் புரதம் கசிகிறதாம். நேரத்தோடு கண்டபடியால் குளிசை போட்டுக்கொண்டு பல காலம் சமாளிக்கலாம் என்கிறார்கள். அவள் தான் இப்போது இருக்கும் கோலியர்ஸ் வுட்டிலிருந்து போனில்தான் இதைச் சொன்னாள்.

அந்த வெள்ளிக்கிழமை இருவரும் கோயிலுக்குப் போனோம். ஐயரிடம் வதனியின் பேரும் நட்சத்திரமும் சொல்லி அர்ச்சனைத் தட்டைக் கொடுத்தேன். அவள் இன்னொரு தட்டை நீட்டினாள். யாருக்கு என்று கேட்டேன்.

"டொக்டர் சொன்ன அந்த ஆஸ்திரேலியாப் பிள்ளையளுக்கு, அக்கா. இப்ப என்ரை வயசு இருக்கும் அவைக்கு."

ஐயர் பேர், நட்சத்திரம் கேட்டார்.

"தெரியாது ஐயா," என்றாள் வதனி. "சுவாமி பேரிலை செய்யுங்கோ."