கண்ணாடியில் எழுதிய விலை

விமான டிக்கெட் விளம்பரத்தைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரியும். பாசாரில் மீன் விற்பவன்கூட முள்ளுக்குத் தனிக்காசு கேட்பதில்லை.

எண்பதுகளில் நாங்கள் கோலாலம்பூருக்கு வெகு வடக்கே கெலுகோரில் குடியிருந்தோம். அப்பாவுக்குக் கூடப் பிறந்தவள் தஞ்சாவூர்ப் பக்கம் இருந்த அத்தை ஒருத்திதான். அவள் கணவர் திடீரென்று இறந்துபோனார். பதினாறாம் நாள் கருமாதியில் பிறந்த வீட்டார் கோடிச் சேலை கொண்டுபோய் அவள் தோளில் போட வேண்டும். போடாவிட்டால் நாதியற்றவள் என்று ஊர் பேசும். பாட்டனாரும் பாட்டியும் போய்ச் சேர்ந்துவிட்டதால் அவளுக்குப் பிறந்த வீடு என்பதே அப்பாதான்.

டவுனில் ஒரு டிக்கெட் கடைக் கண்ணாடியில் மெட்ராஸுக்கு இன்ன விலை என்று பெரிதாக எழுதியிருந்தது. அப்பா ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்தவர். எழுதிப் போட்ட விலையை வேதவாக்காக நம்பினார். அந்தப் பணத்தைத் தேற்றிக்கொண்டு போனார், நானும் கூடப் போனேன்.

“அது கோலாலம்பூர்ல இருந்து போற விலைலா அண்ணே,” என்றார் கடைக்காரர். “இங்கேருந்து கேஎல் போறது தனி. எண்ணெய் சார்ஜ் தனி, ஏர்போர்ட் டாக்ஸ் தனி. இப்ப சீசன் வேற.”

அதை ஏன் கண்ணாடியில் எழுதவில்லை என்று நான் கேட்டேன். அப்பா என் கையைப் பிடித்து அழுத்தினார். நாளை வருகிறேன், சீட்டை வைத்திருங்கள் என்று கெஞ்சினார். முழுப்பணம் கட்டாமல் வைக்க முடியாதாம்.

மறுநாள் அம்மாவின் வளையலை அடகு வைத்துவிட்டு ஓடினோம். சீட்டு போய்விட்டிருந்தது. அடுத்த சீட்டு கருமாதி முடிந்த பிறகுதான். அப்பா கடை வாசலிலேயே உட்கார்ந்து அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

கருமாதிக்கு மறுநாள் பக்கத்து வீட்டு போனில் அத்தையைப் பிடித்தார். ட்ரங்க் காலில் கத்திப் பேசினால்தான் கேட்கும் என்பதால் அவள் சொன்னதும் எனக்குக் கேட்டது. காசு போதாமல் வர முடியவில்லை என்று சொல்ல அப்பாவுக்கு நா எழவில்லை. லீவு கிடைக்கவில்லை என்றார்.

 அத்தை சொன்னாள்: “பரவால்லண்ணே. எதிர்வீட்டு அக்கா கோடி போட்டாங்க. லீவு கிடைச்சா, நான் செத்தாலாவது வா.”