டர்போ பட்டன்

என் சித்திக்கு வந்த முதல் வரன் ஒரு பட்டனால்தான் கைநழுவிப் போயிற்று என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

எண்பதுகளின் கடைசியில், அரியலூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சித்தி பாடம் நடத்தினாள். சென்டர் என்றால் ஒரே அறை, ஒரே கம்ப்யூட்டர். முதலாளி சிக்கனக்காரர். பெட்டியைப் புதிதாகவும், அதற்குள் வைக்கும் ஹார்ட் டிஸ்க்கைப் பழையதாகவும் திருச்சியில் வாங்கிவந்திருந்தார். இரண்டும் ஒத்துப்போகவில்லை. முகப்பில் இருந்த டர்போ பட்டனை அமுக்கினால் கம்ப்யூட்டர் பறக்கும். ஹார்ட் டிஸ்க்கோ ஈடுகொடுக்க முடியாமல், எதையாவது தப்பாக எழுதி வைத்துவிடும். ஒருமுறை மாணவர்கள் செய்த பாடம் மொத்தமும் அப்படித்தான் போனது. அதிலிருந்து சித்தி மெதுவான வேகத்தை விட்டு மாற்றுவதே இல்லை. பதறாத காரியம் சிதறாது என்பாள். பால் காய்ச்சினால்கூட அடுப்பைத் தணித்துவிட்டுப் பக்கத்திலேயே நிற்கிற ஆள்.

திருமானூரிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள், கம்ப்யூட்டரையும் பார்த்த மாதிரி இருக்கும் என்று சென்டருக்கே வந்துவிட்டார்கள். முதலாளி மானிட்டருக்குச் சந்தனப் பொட்டு வைத்திருந்தார். அந்த அறையின் வழக்கப்படி எல்லோரும் செருப்பை வெளியே விட்டு, கோயிலுக்குள் வருவது போல வந்தார்கள். மேசையில் வைத்த பஜ்ஜித் தட்டை, கம்ப்யூட்டரில் எண்ணெய் பட்டுவிடும் என்று சித்தி சட்டென்று தள்ளி வைத்தபோதே என் அம்மா அவளை முறைத்தாள்.

“எம் மவன் பேரு இதுல வருமா?” என்று கேட்டார் மாப்பிள்ளையின் அம்மா.

சித்தி பட்டுப்புடவையோடு உட்கார்ந்து தட்டினாள். ஹார்ட் டிஸ்க் கரகரவென்று முனகியது. பேர் வருகிற வழியாக இல்லை. மாப்பிள்ளை நல்ல மாதிரிதான். தாயார் முன்னால் தனக்குத் தெரிந்ததைக் காட்ட எந்தப் பிள்ளைக்குத்தான் ஆசையிருக்காது?

“இதை அமுக்குனா வேகமா வந்துடும்” என்று கையை நீட்டினார்.

“வேணாங்க. பரீட்சைக்குப் புள்ளைங்க செஞ்சதெல்லாம் உள்ள இருக்கு” என்றாள் சித்தி.

“நான் சொல்றேன்ல, ஒண்ணும் ஆவாது.”

விட்டுக்கொடு என்று முதலாளி கண்ணைக் காட்டினார். அம்மா தொண்டையைச் செருமினாள். சித்தி பட்டனை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, திரையையே பார்த்தபடி இருந்தாள். கடைசியில் பேர் வந்தது. அச்சடித்துத் தந்த தாளை மாப்பிள்ளையின் அம்மா மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். காப்பியை யாரும் முழுதாகக் குடிக்கவில்லை.

மறுநாள் தரகர் வந்தார். “பொண்ணு இப்பவே சொன்ன பேச்சு கேக்கல, நாளைக்கு எங்கேருந்து கேக்கும்னு சொல்லிட்டாங்க” என்றார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். சின்னப் பிள்ளையான என் காதில் அதெல்லாம் ஏறவில்லை. கம்ப்யூட்டர் மெதுவாக ஓடியதால்தான் அவர்களுக்குப் பிடிக்காமல் போய்விட்டது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். பாவம் சித்தி என்று மனசு கிடந்து தவித்தது.

சென்டருக்கு ஓடினேன். சித்தி மாணவர்களின் பாடங்களை ஒவ்வொன்றாகத் திறந்து சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

“அழுவாத சித்தி. அடுத்த மாப்பிள்ளை வர்றதுக்குள்ள வேகமா ஓடுறதா ஒண்ணு வாங்கிடலாம்” என்றேன்.

சித்தி என்னை இழுத்து மடியில் உட்கார்த்திக்கொண்டாள். அவள் முதுகைத் தட்டித் தட்டி நான் ஆறுதல் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவள் அழவே இல்லை என்பது எனக்குத் தெரியவில்லை.