பித்தப்பை இல்லாதவன் சாப்பிட்ட குஸ்கா

பித்தப்பையை எடுத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது என்றுதான் நினைத்தேன். வேலூரில் வயிற்றில் நாலு சின்ன ஓட்டை போட்டு, கல்லோடு சேர்த்து எடுத்தார்கள். வலி போனது உண்மை. அதன் பிறகு எண்ணெய், நெய் என்று எது உள்ளே போனாலும் உடனே கழிப்பறைக்கு ஓட வேண்டியிருந்தது. தேக்கி வைக்க இடமில்லாமல் பித்தம் நேராகக் குடலில் இறங்குகிறது, சிலருக்கு இப்படி ஆகும், கொழுப்பைக் குறையுங்கள் என்றார் டாக்டர். ஆம்பூர்க்காரனிடம் சொல்கிற பேச்சா இது?

தோல் கம்பெனியில் என் பக்கத்து மெஷினில் வேலை செய்பவன் என் நண்பன். அவன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அவன் மகள் என்னைச் சாச்சா, அதாவது சித்தப்பா, என்று கூப்பிட்டுக்கொண்டு பாதி நாள் எங்கள் வீட்டில்தான் வளர்ந்தாள். எங்களுக்குப் பிள்ளை இல்லாத குறையை அவள்தான் மறக்கடித்தாள். நிக்காஹ் நிச்சயமானதும் அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: புகுந்த வீட்டுக்கு வண்டி ஏறும்போது தன் அப்பாவோடு நானும் நிற்க வேண்டும். அன்றைக்கு மட்டும் வயிறு என் மானத்தை வாங்கக் கூடாதே என்பதுதான் என் கவலையெல்லாம்.

மண்டபத்தில் காலையிலிருந்து வெறும் தண்ணீரோடு இருந்தேன். எல்லோரும் பிரியாணிப் பந்தியில் உட்கார்ந்த பிறகும் நான் தூணோரம் நிற்பதைப் பார்த்து நண்பன் வந்தான். மகள் கல்யாணத்தில் நான் பட்டினியாக நின்றால் அவனுக்கு மனசு ஆறாது. என் நிலைமையும் தெரியும். யோசித்து ஒரு வழி சொன்னான்.

"கறி வேணாம். குஸ்கா மட்டும் சாப்புடு. ஒண்ணும் ஆவாது."

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. கறித்துண்டை ஒதுக்கிவிட்டால் பிரியாணி வெறும் சோறு என்று எங்கள் ஊரில் ஒரு நினைப்பு. கறி வெந்த அதே அண்டா, அதே நெய், அதே கொழுப்பு என்பது இரண்டு மடையர்களுக்கும் தோன்றவில்லை. கஞ்சியும் இட்லியுமாக இருந்த நாக்குக்கு அது அமிர்தமாக இருந்தது. இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டேன்.

வண்டிக்குப் பூ சுற்றிக்கொண்டிருக்கும்போது வயிறு கலக்கியது. மண்டபத்தின் பின்னால் இருந்த கழிப்பறைக்கு ஓடினேன். வெளியே வர முடியவில்லை. எழுந்தால் மறுபடி உட்கார வைத்தது. வாசலில் பெண்கள் அழும் சத்தம் கேட்டது. எனக்கும் அழுகை வந்தது, அந்த வயிற்றின் மேல் ஆத்திரமும் வந்தது.

நண்பன் வந்து கதவைத் தட்டினான். பெண் வண்டி ஏறாமல் நிற்கிறாள் என்றான். நேரமாகிறது, என்னால் வர முடியாது, அனுப்பிவிடு என்றேன். அவன் செருப்புச் சத்தம் வாசல் பக்கம் போனது.

கொஞ்ச நேரத்தில் கதவுக்கு வெளியே ஜரிகைத் துணி உரசும் சத்தம் கேட்டது.

"சாச்சா, நான் போய்ட்டு வர்றேன்."

கல்யாண உடுப்போடு கழிப்பறை வாசலுக்கே வந்துவிட்டாள். "நல்லா இரும்மா" என்றேன். குழாய்ச் சத்தத்தில் அவளுக்குக் கேட்டிருக்காது என்று, அதை மூடிவிட்டு உரக்க இன்னொரு தரம் சொன்னேன்.