ஏழு சோறும் ஒரே புளி

தலைப்பிள்ளை வயிற்றில் இருந்தபோது எனக்கு ஆகாமல் போனது ஒன்றே ஒன்றுதான். ராகிக் களி வேகும் வாசனை. கடத்தூர்ப் பக்கத்தில் வெள்ளாமை செய்கிற ஒரு சம்சாரி வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்துவிட்டு, களி ஆகாது என்று சொன்னால் யார் கேட்பார்கள்? பொழுதுக்கும் அதுதான் சாப்பாடு. உலையில் மாவைக் கொட்டினால் போதும், குடல் வாய்க்கு வந்துவிடும். ஆனாலும் மாமியாரிடம் வாய்விட்டுச் சொல்ல என் வீம்பு விடவில்லை. எனக்கு அப்போது பதினெட்டு வயது. வீம்புக்கு அளவில்லாத வயது.

மாமியாரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். விடிந்ததும் அத்தை காட்டுக்குக் களையெடுக்கப் போய்விடுவார். கிணற்றில் தண்ணீர் இறைத்து முடித்து என் வீட்டுக்காரர் ஒரு நாள் வீட்டுக்குள் நுழைந்தபோது, நான் அடுப்புக்கு முன்னால் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தேன். அவர் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். என் கையிலிருந்த களி கிண்டும் துடுப்பை வாங்கிக்கொண்டார்.

"நீ பின்பக்கம் போயி காத்தாட குந்து புள்ள" என்றார்.

"யாராச்சும் பாத்தா சிரிப்பாங்க."

"அதுக்குத்தானே கதவச் சாத்தினேன்."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் களி கிண்டியது அவர்தான். நான் பின்பக்கத்துப் புளியமரத்தடியில் உட்கார்ந்து, அவர் வேட்டி மடியில் கட்டிக்கொண்டு வந்த புளியம்பிஞ்சை உப்பில் தொட்டுத் தின்றுகொண்டிருப்பேன். மாடு ஓட்டத் தெரிந்த கைக்குக் களி கிண்டத் தெரியவில்லை. உருண்டைக்குள் பச்சை மாவு கட்டி கட்டியாக நிற்கும். மத்தியானம் அத்தை வந்து ஒரு வாய் போட்டுவிட்டு, "என்ன புள்ள, களியில கல்லு கெடக்குது?" என்பார். "மாவு சரியில்லீங்க அத்தே" என்று கூசாமல் சொல்வேன். என் வீட்டுக்காரர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவே மாட்டார். காது மட்டும் சிவந்திருக்கும்.

களி விஷயம் இப்படியே ஓடிக்கொண்டிருந்தது. என் மனசுக்குள் இருந்த காரியம் வேறு. என் அம்மா என்னைப் பெற்ற அன்றே போய்விட்டாள். மொரப்பூருக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டில்தான் அது நடந்தது. அதே வீட்டில் அப்பா இன்னொரு கல்யாணம் செய்துகொள்ளாமல், தானே ஆக்கிப் போட்டு என்னை வளர்த்தார். என் பிள்ளை அந்த வீட்டில்தான் பிறக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். அந்தச் சுவருக்குள் ஒரு பிள்ளை பிறந்து, பெற்றவளும் பிழைத்து எழுந்திருக்க வேண்டும். அதை அப்பா கண்ணால் பார்க்க வேண்டும். அம்மாவைப் போல நானும் போய்விடுவேனோ என்ற பயமும் இருந்தது. அதை என் வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னேன்.

அத்தை ஒப்பவில்லை. "பொம்பள இல்லாத வூட்டுக்கு எந்த தைரியத்துல அனுப்பறது? இங்கியே இருக்கட்டும்" என்று முடித்துவிட்டார். அவர் சொன்னதில் தப்பும் இல்லை. போதாக்குறைக்கு நானாகக் கிளம்பிப் போகவும் வழியில்லை. தலைப்பிள்ளைக்கு ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ, பிறந்த வீட்டார் ஏழு வகைச் சோறு கட்டிக்கொண்டு வந்து, சொந்தபந்தத்துக்குப் பந்தி போட்டு, பெண்ணை அழைத்துக்கொண்டு போகவேண்டும். கட்டுச்சோறு என்போம். அது வராமல் பெண் படி இறங்கக் கூடாது.

ஏழாம் மாதம் போயிற்று. அப்பா வரவில்லை. பெற்ற அப்பனே கைகழுவிவிட்டார் என்று எரிந்து விழுந்தேன். என் வாய்க்குப் பயந்தோ என்னவோ, மாடு பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு என் வீட்டுக்காரர் மொரப்பூருக்கு நடந்து போனார். சாயங்காலம் வந்து திண்ணையில் உட்கார்ந்துகொண்டார்.

"என்னங்க சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. அழுதாரு."

அதற்கப்புறம் அப்பாவைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

ஒன்பதாம் மாதம் பிறந்த ஒரு காலையில் வாசலில் வண்டி வந்து நின்றது. அப்பாவே ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். பின்னால் வெள்ளைத் துணியால் வாய்கட்டிய ஏழு சட்டிகள். யுத்த காலம் அது. அரிசியைக் கண்ணால் பார்ப்பதே அரிது. ஏழும் சாமைச் சோறு. ஒன்று மஞ்சள், ஒன்று எள்ளுப் போட்டுக் கறுப்பு, ஒன்று தேங்காய் தூவி வெள்ளை. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

சொந்தக்காரர்கள் பந்தியில் உட்கார்ந்தார்கள். மஞ்சள் சோற்றை வாயில் வைத்தார்கள். புளி. கறுப்பு, அதுவும் புளி. ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். தேங்காய்ச் சோறும் புளி. கடைசியில் தயிர்ச் சோற்றிலும் புளிக்கரைசல் இருந்ததைக் கண்டு ஒரு சின்ன மாமியார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. நாக்கு மட்டும் ஏழு சோற்றையும் கேட்டது.

"மாமா, அந்தக் கறுப்புச் சோறு இன்னுங் கொஞ்சம் போடுங்க" என்றார் என் வீட்டுக்காரர். சட்டி காலியாகும்வரை அவர் இலையை விட்டு எழுந்திருக்கவில்லை.

அத்தை மட்டும் சிரிக்காமல் ஏழு சோற்றையும் ருசி பார்த்தார். "யாரு ஆக்குனதுங்கண்ணா?" என்று அப்பாவைக் கேட்டார்.

"நாந்தானுங்க." அப்பா துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "கேட்டா சொந்தத்துல பொம்பளைங்க வந்து ஆக்கிக் குடுப்பாங்க. இவ ஆத்தா இருந்திருந்தா தன் கையாலதான் ஆக்கியிருப்பா. அதான் நானே ஆக்கினேன். எனக்குக் கைவந்தது புளி ஒண்ணுதானுங்க." துண்டை உதறித் தோளில் போட்டார். "கூட்டிப் போவ வந்துட்டேன். ஆனா பயமா இருக்குதுங்க தங்கச்சி. இன்னொருக்க அந்த வூட்ல அப்படி ஆனா நான் தாங்க மாட்டேன்."

அத்தை கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

"வண்டியில இன்னொரு ஆளுக்கு எடம் இருக்குதாண்ணா?"

"யாருக்குங்க?"

"எனக்குத்தான். நானே கூட வந்து பேறு பாக்கறேன்."

மருமகள் பிரசவத்துக்குச் சம்பந்தி வீட்டில் போய் மாமியார் தங்குவதா என்று சின்ன மாமியார் முகவாயில் கை வைத்தார். "இவனுக்கு யாரு ஆக்கிப் போடுவா?" என்றும் கேட்டார்.

"அவனுக்கென்ன, ஆறு மாசமா அவன்தானே களி கிண்டறான். கட்டி கட்டியா" என்றார் அத்தை, மூட்டை கட்டிக்கொண்டே. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அத்தனை நாளும் தெரிந்தே தின்றிருக்கிறார்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. தாயில்லாப் பெண் என்று ஊர் என்னைப் பார்த்து உச்சுக்கொட்டிய காலமெல்லாம் உண்டு. அந்த வாசலில் நின்றபோது எனக்கு எந்தக் குறையும் இருப்பதாகத் தோன்றவில்லை. அந்த மூன்று பேருக்கும் பட்ட கடனை நான் எந்த ஜென்மத்திலும் தீர்க்கப் போவதில்லை. தீர்க்கிற ஆசையும் இல்லை.

அப்பா வீட்டுக்கு வந்த பதினேழாம் நாள் விடியற்காலையில் வலி கண்டது. மருத்துவச்சியும் அத்தையும் உள்ளே. அப்பா வாசலில், மாட்டுக் கயிற்றைப் பிடித்தபடி நின்றாராம். முதல் ரயில் ஊதிக்கொண்டு போனது எனக்குக் கேட்டது. வெயில் ஏறியபின் பிள்ளை அழுதது.

அத்தை கதவைத் திறந்தார். என்ன பிள்ளை என்று அப்பா கேட்கவில்லை.

"எம் பொண்ணு?" என்றார்.

பதினெட்டு வருசத்துக்கு முன்னால் அதே வாசலில் நின்று "எம் பொஞ்சாதி?" என்று கேட்டவர் அவர். அன்றைக்கு யாரும் பதில் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டார்களாம்.

"ரெண்டு பொண்ணும் நல்லா இருக்குதுங்கண்ணா" என்றார் அத்தை.