பஸ் ஏறிய கதை

கல்யாணமான புதிதில் நாங்கள் அரிமளத்திலிருந்து அறந்தாங்கிக்கு பஸ் ஏறிய கதையை, வீட்டுக்கு யார் வந்தாலும் என் கணவர் அவிழ்த்துவிடுவார். "பஸ்ஸக் கோயிலுன்னு நெனச்சு இவ செருப்பக் கழட்டிப்புட்டுல்ல ஏறுனா!" என்று சொல்லிவிட்டு அவரே முதலில் சிரிப்பார். பல வருஷமாக இதே கதைதான். மனுஷனிடம் வேறு சரக்கு கிடையாது.

அன்று புது பஸ்ஸுக்கு மாலை போட்டுச் சந்தனம் பூசியிருந்ததைப் பார்த்து, முதலில் செருப்பைக் கழற்றியவர் இந்த மகாபுத்திசாலிதான். அவரைப் பார்த்துத்தான் நானும் கழற்றினேன். என்னுடையதை நான் கையில் எடுத்துக்கொண்டேன். அவர் ரோட்டிலேயே விட்டுவிட்டு ஏறினார். அறந்தாங்கி வெயிலில் வெறுங்காலோடு குதித்துக் குதித்து நடந்தார்.

அந்தப் பாதியை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவர் கதையைத் தொடங்கியதும் அவருடைய பாதத்தை மட்டும் பார்ப்பேன். சிரித்துக்கொண்டே காலை வேட்டிக்குள் இழுத்துக்கொள்வார்.