மாமாவின் கள்ள வயது

போன கிழமை என் மகள் கணினிக்கு முன்னால் இருந்து ஏதோ இணையத்தளத்தில் கணக்குத் திறந்துகொண்டிருந்தாள். நான் தேத்தண்ணிக் கோப்பையோடு பின்னால் போய் நின்றதை அவள் கவனிக்கவில்லை. பிறந்த ஆண்டு கேட்ட இடத்தில் தன்னுடைய ஆண்டிலிருந்து மூன்றைக் கழித்துப் போட்டுவிட்டு, கண்ணைக்கூட இமைக்காமல் அடுத்த கேள்விக்குப் போனாள்.

"என்னடி செய்யிறாய்?"

"பதின்மூண்டு எண்டாத்தான் விடுவாங்கள் அம்மா. எல்லாரும் இப்பிடித்தான்."

ஏசுவதற்கு வாயைத் திறந்தேன், சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தது பிழையோ, பிள்ளை பொய்க்குப் பழகிவிடுவாளோ என்று பிறகு நெடுநேரம் யோசித்தேன். பிள்ளை வளர்ப்பு பற்றி நான் வாங்கி வைத்திருக்கும் தடித்த புத்தகத்தில் இதற்கு ஒரு அத்தியாயமும் இல்லை. ஆனால் நான் என்ன செய்ய? எங்கள் வீட்டில் மூன்று வயது கூட்டிச் சொன்ன முதல் ஆள் அவள் இல்லை. அவளுடைய அப்பப்பா, அதாவது என் மாமனார், அதைச் செய்தபோது கணினி இருக்கவில்லை. இரண்டாம் உலகப் போர் இருந்தது.

மாமாவுக்கு அப்போது பதினைந்து வயது. பட்டாளத்தில் சேர்ந்தால் சப்பாத்துக் கொடுப்பார்கள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அதுவரை அவர் காலில் ஒரு செருப்புக்கூட ஏறியதில்லை. தாயாரின் கண்மையை எடுத்து மீசை வரைந்துகொண்டு, கூட்டாளி யோசேப்பையும் கூட்டிக்கொண்டு, யாழ்ப்பாணத்தில் ஆள் சேர்க்கும் இடத்துக்குப் போயிருக்கிறார். வரிசை நீளம், வெயில் வேறு. மேசைக்கு முன்னால் போய் நின்றபோது மீசை நாடிவரை வந்துவிட்டதாம்.

"துரை லேஞ்சியை நீட்டினவன், பிள்ளை," என்று மாமா சொல்லுவார். "மீசையைத் துடைச்சுப்போட்டுக் கையெழுத்தை வை எண்டான்."

அப்படித்தான் அவர் பதினெட்டு ஆனார். திருகோணமலையில் விமானங்களைச் சுடும் பீரங்கி ஒன்றுக்குக் குண்டு எடுத்துக் கொடுக்கும் வேலை. கிடைத்த சப்பாத்து இரண்டு அளவு பெரிது. யப்பான் விமானங்கள் வந்த காலையை அவர் எப்போதும் ஒரே மாதிரித்தான் விவரிப்பார். "முதல் குண்டு விழேக்கை நான் ஓடினன். சப்பாத்து அங்கையே நிண்டது."

போர் முடிந்து அரசாங்க வேலைக்குப் போனபோது பட்டாளத்துக் கடதாசியில் இருந்த வயதே அவருடைய வயதாகிவிட்டது. அதே வயதில் கல்யாணம், அதே வயதில் கடவுச்சீட்டு. ஓய்வும் மூன்று வருடம் முந்திக் கிடைத்தது. மாமி போன பிறகு, அதே கள்ள வயதோடு சுவிஸில் எங்களிடம் வந்து சேர்ந்தார்.

எனக்கு அந்தக் கதைகள் ஆரம்பத்தில் பிடிக்காது. நான் படித்த வகுப்பில் பின்வாங்கில் ஒருவன் இருந்தான், கணக்கில் கெட்டிக்காரன். ஒரு திங்கட்கிழமை வரவில்லை. பிறகும் வரவில்லை, இயக்கத்துக்குப் போய்விட்டான் என்றார்கள். அவனுக்கும் பதினைந்துதான். அதனால் மாமா மீசையில் தொடங்கினால் எனக்குக் குசினியில் ஏதாவது அவசர வேலை வந்துவிடும்.

நாங்கள் அப்போது லாங்கன்தாலுக்கு அடுத்த சின்ன ஊர் ஒன்றில் இருந்தோம். கணவருக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. மகள் கிண்டர்கார்ட்டன். எங்கள் சி பெர்மிட் விண்ணப்பம் போயிருந்த காலம் அது. சி பெர்மிட் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: இனி ஒவ்வொரு வருடமும் தபால்பெட்டியைக் கண்டு நடுங்கத் தேவையில்லை என்கிற அட்டை. அது வரும்வரை எந்தத் தவறும் நடந்துவிடக் கூடாது என்பதில் நான் மிகக் கவனமாக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் போத்தல் எறிய மாட்டேன். தெருவில் ஒருவரும் இல்லாவிட்டாலும் பச்சை விளக்கு வரும்வரை நிற்பேன்.

அந்த நேரத்தில்தான் ஊராட்சி அலுவலகமான கெமைன்டையிலிருந்து தொலைபேசி வந்தது. மாமாவுக்கு எண்பது வயதாகிறதாம். வருகிற சனிக்கிழமை காலையில் சிலர் வந்து வாழ்த்துவார்களாம். நான் நன்றி சொல்லிவிட்டு வைத்தேன். நேரே கணவரிடம் போனேன்.

"இஞ்சேருங்கோ, கெமைன்டையில இருந்து வீட்டை வரப்போயினமாம்."

"ஏனாம்?"

"வாழ்த்தவாம்."

கணவர் சாப்பாட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார். "வாழ்த்தவோ? நாங்கள் என்ன செய்தனாங்கள்?"

நீங்களே சொல்லுங்கள். அலுவலகத்து ஆட்கள் வீடு தேடி வந்து வாழ்த்துவதை நாங்கள் எங்கே கண்டோம்? எங்கள் அனுபவத்தில் அலுவலகத்து ஆள் வீட்டுக்கு வந்தால் கேள்வி கேட்பார், அல்லது கட்டிலுக்குக் கீழே பார்ப்பார். இது பெர்மிட்டுக்கான இரகசியச் சோதனை என்று இரண்டு பேரும் முடிவு செய்தோம். வாழ்த்து என்பது ஒரு சாட்டு. மாமா மட்டும் தன் உண்மை வயதைச் சொல்லிவிட்டால், குடும்பத்தில் ஒருவர் பொய்யென்றால் மற்றவர்களும் பொய்தானே என்று எல்லாக் கடதாசியையும் கிளறுவார்கள், பெர்மிட் அவ்வளவுதான்.

அந்தக் கிழமை முழுக்க வீடு துடைத்தேன். பெர்மிட், கடவுச்சீட்டு, காப்புறுதி அட்டை எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு மேசை நடுவில் பூச்சாடிக்குப் பக்கத்தில் வைத்தேன். வீட்டுக்காரரிடம் கேட்காமல் பல்கனியில் பூட்டியிருந்த தமிழ் டிவி டிஷ்ஷைக் கணவர் என் பழைய சேலையால் மூடினார். சேலை மூடிய டிஷ் யாரோ ஒரு பெண் முக்காடு போட்டுக்கொண்டு நிற்பதுபோல இருந்தது. அது இன்னும் சந்தேகத்தைக் கிளப்புமோ என்று எடுத்தோம். திரும்பவும் மூடினோம்.

பிறகு மாமாவுக்குப் பயிற்சி.

"மாமா, உங்களுக்கு எத்தனை வயது?"

"எழுபத்தேழு."

"மாமா!"

"பிள்ளை, என்ரை எண்பதை நான் எண்பதிலைதான் கொண்டாடுவன். எமன் பேப்பர் பாக்கிறவன் இல்லை."

"எமன் பாக்கமாட்டார் மாமா. கெமைன்டை பாக்கும்."

கடைசியில் மாமா இறங்கி வந்தார். "சரி, நான் வாயே திறக்கேல்லை. நீயே எல்லாத்தையும் டொச்சிலை கதை." அவருக்கு டொச், அதாவது ஜெர்மன், தெரியாது. அவர்களுக்குத் தமிழ் தெரியாது. நடுவில் நான். இதைவிடப் பாதுகாப்பான ஏற்பாடு வேறு என்ன இருக்க முடியும் என்று நினைத்து அன்றுதான் ஒழுங்காகச் சாப்பிட்டேன்.

சனிக்கிழமை காலை பல்கனியால் எட்டிப் பார்த்தேன். கீழே புல்லில் இருபது பேர் வரிசையாக நின்றார்கள். எல்லோரும் சீருடை. எல்லோருக்கும் தொப்பி. யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒருத்தி தன் வீட்டு வாசலில் சீருடையைக் கண்டால் என்ன நினைப்பாள் என்பதை நான் விளக்கத் தேவையில்லை. "சி பெர்மிட்டுக்கு இத்தனை பேரோ?" என்று கணவர் மெதுவாகக் கேட்டார். அப்போதுதான் வெயிலில் பித்தளை மின்னியது. அது ஊர் வாத்தியக் குழு. கடைசியில், பிள்ளைத்தாய்ச்சி வயிறு போன்ற டூபாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, எங்கள் கீழ்வீட்டு ஹெர் புர்க்கி நின்றார். உடுப்புத் துவைக்கும் அறைக்கு நான் என் முறைநாளில் போவதைக்கூடச் சந்தேகத்தோடு பார்க்கும் மனிதர்.

வாத்தியம் தொடங்கியது. மாமா பல்கனியில் நிமிர்ந்து நின்று, பாட்டு முடியும்வரை கையை இறக்காமல் சல்யூட் அடித்தார்.

பிறகு கெமைன்டையின் சார்பில் ஃபிராவ் லீச்டி என்ற பெண்மணி ஒரு ஜெரேனியச் செடியோடும் சுப்ஃபே என்கிற பின்னல் பாணோடும் மேலே வந்தார். வாத்தியக்காரர்களில் ஹெர் புர்க்கி மட்டும், மேல்வீடு எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும்போல, கூடவே வந்தார். நான் வடை சுட்டு வைத்திருந்தேன். பிளாஸ்டிக் உறையை ஃபிராவ் லீச்டியின் பக்கமாக மெல்லத் தள்ளினேன். அவர் அதன்மேல் ஜெரேனியத்தை வைத்தார்.

"எண்பது வயது! எப்படி இவ்வளவு இளமையாக இருக்கிறார் என்று கேளுங்கள்," என்றார்.

நான் மாமாவின் பக்கம் திரும்பி, "நல்லா இருக்கிறியளாம்" என்று சொல்வதற்குள், 'எண்பது' என்பதற்கான டொச் சொல்லை மாமா எப்படியோ பிடித்துவிட்டார். பட்டாளத்தில் படித்த ஆங்கிலம் அவரிடம் பத்திரமாக இருந்ததை நான் சுத்தமாக மறந்துவிட்டேன்.

"நோ மேடம்! செவன்டி செவன் ஒன்லி. ஐ டோல்ட் எ லை. டு த கிங்!"

அரசருக்கே பொய் சொன்னவர் நான் என்று நெஞ்சை நிமிர்த்தி அறிவிக்கிறார். ஃபிராவ் லீச்டிக்கு என்னைவிட நல்ல ஆங்கிலம். அவர் கேட்கக் கேட்க மாமா மை, மீசை, லேஞ்சி எல்லாவற்றையும் ஒப்புவித்தார். கணவர் வடைத் தட்டோடு அப்படியே நின்றார். ஃபிராவ் லீச்டி கண் கலங்கக் கைப்பையைத் திறந்தார். பேனை எடுக்கிறார், முடிந்தது கதை என்று நினைத்தேன். மூக்குத் துடைக்கும் தாளை எடுத்தார். வடையில் பச்சை மிளகாய்.

அவ்வளவு நேரமும் பேசாமல் இருந்த ஹெர் புர்க்கி, "எத்தனை வயதில் போனார்?" என்று என்னிடம் கேட்டார். நான் தமிழில் கேட்டதும் மாமா ஐந்து விரலை மூன்று தரம் விரித்துக் காட்டினார். ஹெர் புர்க்கி கையில் இருந்த வடையை வைத்துவிட்டு, தானும் ஐந்து விரலை மூன்று தரம் விரித்தார்.

ஜெர்மன்காரன் வரப்போகிறான் என்று சுவிஸ் பயந்திருந்த நாளில் ஊர்க்காவலுக்குப் பொடியன்களையும் கிழவர்களையும் சேர்த்தார்களாம். பதினாறு முடிந்திருக்க வேண்டும். இவர் பதினைந்தில் பதினாறு என்று சொல்லிவிட்டு, தன்னைவிட உயரமான துவக்கோடு ஒரு பாலத்தைக் காத்தாராம். நான் மொழிபெயர்த்தேன்.

"ஒரு வயதோ கூட்டினவர்?" மாமாவுக்கு ஏளனம். "நான் மூண்டு கூட்டினனான் எண்டு சொல்லு."

சொன்னேன். ஹெர் புர்க்கி, இவர் யாரையாவது சுட்டாரா என்று கேட்கச் சொன்னார்.

"நிறையச் சுட்டனாங்கள். ஒண்டும் விழேல்லை. அவர்?"

ஹெர் புர்க்கி கொஞ்சம் தயங்கினார். ஒரே ஒரு தரம், இருட்டில், பாலத்தில் ஏதோ அசைந்ததால் சுட்டாராம். சித்தப்பாவின் கன்றுக்குட்டி.

மாமா சைவம். கதிரையைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தார். "பசுக்கண்டையோ சுட்டவர்?" பிறகு அடக்க முடியாமல் சிரித்தார். எதற்கென்று மொழிபெயர்க்காமலே ஹெர் புர்க்கியும் சிரித்தார். அந்த முகம் சிரித்து நான் அன்றுதான் கண்டேன்.

கூடச் சேர்ந்த யோசேப்பு என்ன ஆனார் என்று ஃபிராவ் லீச்டி கேட்டார். அதுவரை நானும் கேட்டதில்லை. மாமா பாணைப் பிய்த்துக்கொண்டே, ஆங்கிலத்தை விட்டுவிட்டு என்னிடம் சொன்னார்.

"யப்பான்காரன் வந்த அண்டு காலமை அவன் செத்துப்போட்டான். அவனுக்குப் பதினாலு, பிள்ளை. கல்லறையிலை பத்தொன்பது எண்டு வெட்டியிருக்கிறாங்கள்."

நான் அதை டொச்சில் சொன்னேன். கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். பிறகு ஃபிராவ் லீச்டி எழுந்து மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "வாசித்த பாட்டைத் திருப்பி எடுக்க முடியாது," என்றார். "என் வேலை பூச்செடி கொடுப்பது. வயதைப் பார்ப்பது வேறு கவுண்டர்."

எந்தக் கவுண்டர் என்று நான் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கவுண்டரை நினைத்து ஒன்றரை மாதம் தூங்கவில்லை. பிறகு ஒரு நாள் அட்டைகள் வந்தன. மாமாவின் அட்டையிலும் அதே பழைய கள்ள வயது, அழகாக, முத்திரையோடு.

அதன் பிறகு ஒவ்வொரு சனியும் ஹெர் புர்க்கியும் மாமாவும் படிக்கட்டில் இருந்து அவரவர் மொழியில் வாதாடினார்கள். மூன்று வருடம் கழிந்து, மாமாவுக்கு உண்மையாகவே எண்பது வந்த காலையில் வாசல் மணி அடித்தது. ஹெர் புர்க்கி சீருடையோடு, தன்னந்தனியாக, டூபாவோடு நின்றார். அன்றைக்குக் குழு வாசித்த அதே பாட்டை வாசித்தார். ஆனால் டூபாவுக்கு அதில் மெட்டு இல்லை, அடித்தாளம் மட்டும்தான். பூம், பூம், கொஞ்சம் மௌனம், பிறகு பூம். மௌனத்திலும் மாமா கையை இறக்கவில்லை.

அடுத்த வருடக் குளிரில் மாமா போய்விட்டார். பதிவு செய்யப் போனேன். கவுண்டரில் இருந்த பொடியன் திரையைப் பார்த்து, எண்பத்து நான்கு என்றான்.

"எண்பத்தொன்று," என்றேன்.

"இங்கே எண்பத்து நான்கு என்று இருக்கிறது."

"தெரியும். அதை மாற்ற வேண்டாம். நீங்கள் தெரிந்து வைத்திருங்கள்."

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றபோதுதான், திரும்பிப் போய் மன்னிப்புக் கேட்கலாமோ என்ற யோசனை வந்தது. பஸ் வந்துவிட்டது, நல்லகாலம்.

செத்தவீடு முடிந்த கிழமை ஹெர் புர்க்கி என்னைப் படிக்கட்டில் மறித்தார். "இனி நான் பதினான்கு வயதில் போனேன் என்றும் சொல்லலாம்," என்றார். "மறுக்க ஆள் இல்லை." சொல்லலாம்தான். ஆனால் அவர் ஒருவரிடமும் அப்படிச் சொன்னதாக நான் கேள்விப்படவில்லை. போன இலையுதிர் காலத்தில் அவரும் போய்விட்டார். வாத்தியக் குழுவுக்கு ஆள் போதாமல் பக்கத்து ஊர்க் குழுவோடு சேர்த்துவிட்டார்கள். எண்பது வயதுக்காரருக்குக் கெமைன்டை இப்போது தபாலில் ஒரு வாழ்த்து அட்டை அனுப்புகிறதாம். கீழ்வீட்டில் மெல்லப் பேசும் இளம் தம்பதி ஒன்று இருக்கிறது. இந்தக் கட்டடத்தில் பதினைந்து வயதில் துவக்குத் தூக்கியவர் என்று இனி ஒருவரும் இல்லை. பிள்ளை பெற்றவளுக்கு அதைவிட நல்ல செய்தி வேண்டுமா? நல்லதுதான். இருந்தாலும் சனிக்கிழமைகளில் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டுதான் சமைக்கிறேன்.