மூன்று சீட்டிலும் என் பேர்

அருமனை ஜங்ஷனில் எங்கள் கடைக்கு என் பேர்தான். ஜெபிஷா சிப்ஸ். யாரும் தூக்கிக் கொடுத்ததில்லை, நாலாம் வகுப்பில் படிக்கும்போது நானே திருட்டுத்தனம் பண்ணிச் சம்பாதித்தது.

அப்பா கல்ஃபை விட்டுவிட்டு ஊரோடு வந்துசேர்ந்த வருஷம். அதுவரை அம்மா வீட்டில் வைத்தே கல்யாண வீடுகளுக்கு ஏத்தங்காய், அதாவது நேந்திரங்காய் சிப்ஸ் பொரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அம்மா பொரித்தது என்றால் பந்தியில் இரண்டாம் தடவையும் கேட்டு வாங்குவார்கள். அதை நம்பித்தான் அப்பா ஜங்ஷனில் கடை எடுத்தார். எங்கள் பக்கம் கடைக்குப் பிள்ளைகள் பேரைத்தான் வைப்பார்கள். மூத்தவள் நான். அதனால் பேர் எனக்குத்தான் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்துவிட்டேன்.

பெரியப்பா வந்து எல்லாவற்றையும் கெடுத்தார். "பொட்டப்பிள்ளைக்க பேரா? நாளைக்கு கெட்டிக்கொடுத்தா இன்னொரு வீட்டுக்குப் போறவ. அப்பம் போர்டையும் இளக்கி எடுத்துக் கூடக் கொடுத்து விடுவியாலே?" என்று அப்பாவிடம் கேட்டார். என் தம்பி ஜெபின் பேரைத்தான் வைக்கவேண்டுமாம். மூன்று வயசு, டவுசர் போடத் தெரியாது, அவனுக்குக் கடை! அண்ணனை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாத அப்பா, அந்தோணியார் பேரை வைத்தால் யாருக்கும் மனஸ்தாபம் வராதே என்று நடுவில் புகுந்தார். நான் தரையில் உருண்டு அழுதேன். கடைசியில் மூன்று பேரையும் எழுதி, மாதா படத்துக்கு முன்னால் சீட்டுக் குலுக்கிப் போடுவது என்று முடிவாயிற்று. மாதா காட்டிவிட்டால் பெரியப்பாவும் மறுபேச்சுப் பேசமாட்டார்.

வீட்டிலேயே என் கையெழுத்துதான் அழகு. அதனால் எழுதுகிற வேலையை என்னிடமே கொடுத்தார்கள், பாவம். மூன்றிலும் என் பேரையே எழுதி மடித்தேன். ஒரு எழுத்துகூடக் கோணவில்லை.

ஜெபம் முடிந்ததும் தம்பி ஒன்றை எடுத்தான். அப்பா பிரித்து வாசித்தார். "மாதாவே சொல்லியாச்சு, இனி என்ன?" என்று துண்டை உதறிக்கொண்டு பெரியப்பா எழுந்தார். அப்போதுதான் பார்த்தேன், மிச்சமிருந்த இரண்டு சீட்டையும் அம்மா பிரித்துக்கொண்டிருந்தாள். செத்தேன் என்று நினைத்தேன். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அடுக்களைக்குப் போய், இரண்டையும் எரிகிற அடுப்பில் போட்டுவிட்டு, சீவி வைத்திருந்த காயை எண்ணெயில் அள்ளிப் போட்டாள். அதைப்பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

கடை திறந்தபிறகு, புதிதாக வருகிறவர்களிடமெல்லாம் போர்டைக் காட்டி, "எனக்க மகளுக்க பேராக்கும். மாதா போட்ட பேரு" என்பாள், என் முகத்தைப் பார்க்காமல். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பக்கத்தில் நிற்பேன். என்னைக் கெட்டிக்கொடுத்துப் பதினாலு வருஷமாகிறது. மார்த்தாண்டத்தில் இரண்டாவது கடையை நான்தான் நடத்துகிறேன். இரண்டு போர்டிலும் என் பேர்தான், ஒருத்தரும் இளக்கவில்லை. பெருமை இல்லாமல் இருக்குமா?

ஆனால் அன்றைக்கு அத்தனை சண்டையும் நடக்கும்போது, காய் பொரிக்கிறவள் அடுக்களை வாசலில்தான் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கும் ஒரு பேர் உண்டு, அதையும் ஒரு சீட்டில் எழுதலாம் என்று பெரியப்பாவுக்குத் தோன்றவில்லை. அப்பாவுக்கும் தோன்றவில்லை. மூன்று சீட்டையும் கையில் வைத்திருந்த எனக்கும் தோன்றவில்லை.